பிரம்மாத்திரத்துக்கும் கடிவாளம் உண்டு, தெரியுமா?

நினைத்ததை வாயால் சொன்னால் போதும், நடந்துவிடும்! இப்படியொரு மந்திரம் ஒரு மேசை விளையாட்டின் விதிப்புத்தகத்தில் 1975ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, தெரியுமா? அதன் பெயர் 'விஷ்'. செத்தவனை எழுப்பக் கேட்கலாம், அரசனாகக் கேட்கலாம், நேற்றைய தோல்வியை இல்லாமல் ஆக்கக் கேட்கலாம். விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியானது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். கதையைப் பேசிப்பேசியே நடத்துவார்கள். அரக்கன், அரசன், புயல், காடு என மீதி உலகம் முழுவதையும் டஞ்சன் மாஸ்டர் என்ற ஒரே ஆள் சுமப்பார். அடி பட்டதா, தப்பினதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும்.

இந்த விளையாட்டில் மந்திரக்காரர் வளர வளர என்ன ஆகும் தெரியுமா? பதினேழாம் படிக்கு ஏறியதும் ஒன்பதாம் நிலை மந்திரங்கள் கைக்கு வரும். 'மீட்டியோர் ஸ்வார்ம்' என்று ஒன்று: ஒரு மைல் தூரத்தில் நின்றபடியே நான்கு இடங்களில் எரிகற்களை இறக்கலாம். ஒவ்வொன்றும் 40 அடி ஆரத்துக்கு எரிக்கும். சேதத்தைக் கணக்கிட ஆறு முகப் பகடைகள் 40 உருட்ட வேண்டும், சராசரி 140 புள்ளி! 'பவர் வேர்ட் கில்' இன்னும் பயங்கரம். எதிரியிடம் 100 உயிர்ப்புள்ளியோ அதற்குக் குறைவோ இருந்தால் ஒரே சொல்லில் ஆள் முடிந்தான். தப்பிக்க ஒரு பகடை உருட்டக்கூட வாய்ப்பில்லை. பக்கத்தில் நிற்கும் வாள்வீரன் பாடு? ஐந்து மணி நேரம் நண்பர்களோடு உட்கார்ந்திருந்து கடைசிச் சண்டையில் வாளை உருவுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வல்லமை மிகுந்த மந்திரத்தை எப்படி அடக்குவது என்று அந்த விளையாட்டின் ஆசிரியர்கள் ஐம்பது ஆண்டுகளாக மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

இதே சிக்கலைப் பாரதமும் இராமாயணமும் என்றோ அவிழ்த்துவிட்டன. அந்த அவிழ்ப்பை விடிய விடிய மத்தளமும் சல்லரியும் முழங்க ஆடிக்காட்டிய ஊர்கள் மட்டக்களப்பு வாவியின் இரண்டு பக்கமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், வரிசையாக இருக்கின்றன!

இந்த ஊர்களின் வடமோடிக் கூத்து என்றாலே பெரும்பாலும் போர்க்கதை. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியது அப்படியொரு கூத்துத்தான், 'கர்ணன் போர்'. பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். கர்ணனைத் தேர்ந்தெடுத்தார்களே, அதிலேயே எனக்கு ஒரு மகிழ்ச்சி. அளவுக்கு மிஞ்சிய பலமுள்ள ஒரு பாத்திரத்தை ஒரு கதை எத்தனை வழியில் சமன் செய்யலாம் என்பதற்கு உலக இலக்கியத்திலேயே இவனைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

எண்ணிப் பாருங்கள். பிறக்கும்போதே கவசமும் குண்டலமும் உடம்போடு ஒட்டி வந்தவன். அவை இருக்கும்வரை அவனைக் கொல்ல முடியாது. கதை அதைத் தட்டிப் பறிக்கவில்லை. இந்திரன் பிராமண வேடத்தில் வந்து கேட்கிறான், கர்ணன் தன் கையாலேயே அறுத்துக் கொடுக்கிறான். பதிலுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் யாரையும் கொல்லும், தவறவே தவறாது. ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் ஆள்மேல் மட்டும்! பரசுராமரிடம் கற்ற பிரம்மாத்திரமோ, மிகவும் தேவைப்படும் வேளையில் மறந்துபோகும் என்று சாபம். தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்று இன்னொரு சாபம். இவையும் போதாது என்று, வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதத்தில் குந்தி வந்து நாகாத்திரத்தை அருச்சுனன்மேல் இரண்டாம் தடவை விடாதே என்று வரம் வாங்கிப் போகிறாள். முதல் தடவை விட்டபோது கண்ணன் தேரைக் காலால் அழுத்தினான், அருச்சுனனின் தலைக்குப் பதில் முடி பறந்தது. இரண்டாம் வாய்ப்புக் கையில் இருந்தும் கர்ணன் விடவில்லை, தாய்க்குக் கொடுத்த வாக்கு!

பார்த்தீர்களா? ஓர் ஆயுதத்தைக்கூடக் கதை பலம் குறைத்துக் காட்டவில்லை. சக்தி ஆயுதம் கடைசிவரை சக்தி ஆயுதமாகவே இருக்கிறது. எண்ணிக்கை, மறதி, வாக்கு, கொடை என்று அதைச் சுற்றித்தான் வேலி. இந்த வேலிகளால்தான் கர்ணன் விழும்போது கூத்துக் களரியைச் சுற்றி இருப்பவர் கண் கலங்குகிறது. சேதப் புள்ளியை 140இலிருந்து 70 ஆக்கினால் யார் அழுவார்?

மந்திரம் மறந்துபோவது என்றேனே, அங்கே ஓர் ஆச்சரியமான ஒற்றுமை உண்டு. ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950இல் 'தி டையிங் எர்த்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் வரும் மந்திரவாதிகள் ஒரு சமயத்தில் சில மந்திரங்களை மட்டுமே மனத்தில் ஏற்றி வைத்திருக்க முடியும். ஒன்றைச் சொல்லிவிட்டால் அது மனத்தைவிட்டு அழிந்துபோகும். மறுபடி ஏட்டைப் புரட்டிப் படிக்க வேண்டும். கைகாக்ஸ் அதையே தம் விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டார். கர்ணனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவை நேர்ந்தது, இந்த விளையாட்டின் மந்திரவாதிகளுக்குத் தினமும் நேர்ந்தது! இன்றைய பதிப்புகளில் விதி இளகிவிட்டது. ஆனாலும் ஒன்பதாம் நிலை மந்திரத்துக்கு நாளுக்கு ஒரே இடம்தான். நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் அடுத்தது.

கர்ணனின் சக்தி ஆயுதத்துக்குத் திரும்புவோம். வீமனின் மகன் கடோற்கசனை ஏன் ஓர் இரவு போருக்கு அனுப்பினார்கள் தெரியுமா? பதினான்காம் நாள் போர் இருட்டியும் நிற்கவில்லை. இருட்டில் அரக்கர் பலம் பெருகும். கடோற்கசன் கௌரவர் படையைத் துவம்சம் செய்கிறான். வேறு வழியின்றி, அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அவன்மேல் எறிகிறான். பாண்டவர் அழுகிறார்கள், கண்ணன் ஆனந்தக்கூத்தாடுகிறான்! எதிரியிடம் இருந்த ஒரே தப்பாத ஆயுதம் போய்விட்டதே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பெரிய டிராகன் போன்ற எதிரிகளுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ஒரு மந்திரத்துக்குப் பலியாகவேண்டிய வேளையில் 'இல்லை, தப்பிவிட்டேன்' என்று சொல்லிவிடலாம், நாளுக்கு மூன்று தடவை. ஒரே மந்திரத்தில் கடைசிச் சண்டை முடிந்துபோகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? சின்னச்சின்ன மந்திரங்களை ஏவி அந்த மூன்றையும் முதலில் செலவழிக்க வைப்பார்கள், பெரியதைப் பிறகு எடுப்பார்கள். அப்படியே கண்ணனின் கணக்கு! கண்ணன் கொடுத்த விலைதான் கொடியது: வீமனின் மகன்.

நாராயணாத்திரத்தை வெல்ல வழி என்ன தெரியுமா? சண்டை போடாமல் இருப்பது! தந்தை துரோணர் இறந்த ஆத்திரத்தில் அசுவத்தாமன் அதை ஏவுகிறான். எதிர்க்க எதிர்க்க அதன் வேகம் கூடும். ஆயுதங்களைக் கீழே போட்டுத் தேரைவிட்டு இறங்கியவர்களை அது தீண்டாது. பாண்டவர் படை முழுவதும் இறங்குகிறது, வீமன் மட்டும் மாட்டேன் என்று நிற்கிறான். கண்ணனும் அருச்சுனனும் அவனைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்க வேண்டியிருந்தது. இன்னொரு தடவை ஏவு என்று துரியோதனன் கேட்கிறான். முடியாது, ஒரே தடவைதான் என்கிறான் அசுவத்தாமன். இவ்வளவு அழகான விதியை நான் எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் கண்டதில்லை. எதிர்ப்பக்கத்துக்குத் தப்பும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி வீரனின் மானத்தை விலையாகக் கேட்கிறது!

அதே அசுவத்தாமன் போர் முடிந்தபின் பிரம்மசிரத்தை விடுகிறான். அருச்சுனனும் பதிலுக்கு விடுகிறான். இரண்டும் மோதினால் உலகம் தாங்காது, திரும்பப் பெறுங்கள் என்று முனிவர்கள் குறுக்கே வந்து நிற்கிறார்கள். அருச்சுனன் திரும்பப் பெறுகிறான், அசுவத்தாமனால் முடியவில்லை. விடத் தெரிந்தவனுக்கு மீட்கத் தெரியவில்லை! அது பாண்டவர் குலத்துப் பெண்களின் கருவை நோக்கித் திரும்பியது. உத்தரையின் வயிற்றுப் பிள்ளையைக் கண்ணன்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் வெறும் ஏட்டுக்கதை என்று எண்ணாதீர்கள். கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு என்றொரு ஊர். அங்கே திரௌபதை அம்மன் கோயில் திருவிழா, பாரதப்போர் நடந்த நாள்கணக்கிலேயே, பதினெட்டு நாள் நடக்கும். பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவம் செய்யப் போவான், கடைசியில் தீமிதிப்பு. அந்தத் தவம் எதற்கு? பாசுபதாத்திரத்துக்கு! எல்லா ஆயுதங்களிலும் பெரியதை வாங்க ஊரே கூடி நின்று ஒருவனை அனுப்புகிறது. பட்டினி, தனிமை, வேடனாக வந்த சிவனோடு மற்போர், இவ்வளவும் தாண்டித்தான் அது கிடைத்தது. கிடைத்த கையோடு சிவன் விதித்த நிபந்தனை: பலம் குறைந்தவர்மேல் எறியாதே, எறிந்தால் உலகமே அழியும்.

இனி 'விஷ்' பக்கம் வருவோம். அதற்கு எத்தனை விலை வைத்துப் பார்த்தார்கள் தெரியுமா? 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு 'விஷ்' சொன்னால் சொன்னவருக்கு ஐந்து வயது ஏறும். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் 5,000 அனுபவப்புள்ளி கழியும். 2014இல் இன்னும் நுணுக்கமாக யோசித்தார்கள். ஏற்கெனவே உள்ள ஒரு மந்திரத்தைப் போலச் செய்யக் கேட்டால் கேடில்லை. அதைத் தாண்டி ஆசைப்பட்டால் உடல்வலிமை 3க்கு இறங்கும், ஓய்வெடுக்கும்வரை எந்த மந்திரம் சொன்னாலும் உயிர்ப்புள்ளி கரையும், எல்லாவற்றுக்கும் மேலே இனி வாழ்நாளில் 'விஷ்' சொல்லவே முடியாமல்போக நூற்றுக்கு 33 வாய்ப்பு!

இவற்றோடு டஞ்சன் மாஸ்டரின் கையில் இன்னொரு பழைய ஆயுதமும் உண்டு. கேட்டவனின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அவனை மடக்குவது. நம் வரக்கதைகளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. பகலில் இல்லை, இரவில் இல்லை, உள்ளே இல்லை, வெளியே இல்லை என்று வழக்கறிஞரைப்போல் வரம் கேட்ட இரணியனுக்கு அந்தி நேரமும் வாசற்படியும் மிஞ்சின. கும்பகர்ணன் வாயைத் திறக்கும்போது நாவில் சரசுவதி உட்கார்ந்தாள், அவன் தூக்கத்தைக் கேட்டான். இராவணன் தேவர், அசுரர், கந்தருவர் என்று எல்லோரிடமிருந்தும் காப்புக் கேட்டான்; மனிதர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வித்தியானந்தன் 1960களில் மேடையேற்றிய 'இராவணேசன்' அந்த மாவீரனின் வீழ்ச்சியைத்தான் காட்டியது. எழுத்துருவை ஆக்கியவர் அப்போது அங்கே மாணவராக இருந்த மட்டக்களப்பு சி. மௌனகுரு. பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றிப் பெரிய ஆய்வுநூலே எழுதியவர்.

எரிகல் மழை நண்பனையும் எரிக்கும், பகைவனையும் எரிக்கும். ஆனால் அழிவு மந்திரங்களில் தேர்ந்த மந்திரவாதிக்கு, மந்திரத்தின் நிலையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பேரை நெருப்பு தீண்டாமல் விலக்கிவிடும் வித்தை உண்டு. ஒன்பதாம் நிலையென்றால் பத்துப் பேர். கண்ணகி எத்தனை பேரை விலக்கினாள்? மதுரைக்குத் தீ வைத்தபோது குழந்தைகள், முதியவர்கள், பசுக்கள், அந்தணர், அறவோர், பத்தினிகள் எல்லோரையும் விட்டுவிடு என்று அக்கினிக்குச் சொன்னாள், எண்ணிக்கையே இல்லை!

எரித்து முடிந்தபின் அந்தக் கோபம் எங்கே போகும்? இந்தக் கேள்வியை எந்த விதிப்புத்தகமும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை, மட்டக்களப்புக் கேட்டது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று கிழக்குக்கரை நெடுகக் கண்ணகை அம்மன் கோயில்கள். வைகாசியில் வழக்குரை பாடி, முடிவில் குளிர்த்தி நடக்கும். கொதித்து வந்தவளைப் பாட்டாலும் நீராலும் குளிரவைக்கிறார்கள், கட்டாடியாரும் கப்புகனாரும் முன்நின்று செய்கிறார்கள். அதுவும் போதாமல் கொம்பு விளையாட்டு! ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கோத்துக் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரண்டு பக்கமும் இழுப்பார்கள். ஒருபக்கம் கண்ணகிக்கு, மறுபக்கம் கோவலனுக்கு. ஒரு பெண்ணின் சினம் நகரத்தையே எரித்ததென்றால், அதைத் தணிக்க ஊரே இரண்டாய்ப் பிரிந்து வியர்க்க வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பெரியது!

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று இலங்கைத் தமிழர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வந்தவன் திரும்பிப் போகவே மாட்டானாம், மந்திரமாம். என் எண்ணம் வேறு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். கட்டிக்கொண்டவன் தங்கிவிடுகிறான், தயிரும் தேனும் ஆற்றுமீனுமாக உபசரிப்பும் சேர்ந்தால் எவன் எழுந்து போவான்? விளையாட்டிலும் ஆளை மயக்கும் மந்திரங்கள் உண்டு. 'சார்ம் பெர்சன்' ஒரு மணி நேரத்துக்குத்தான் நிற்கும், முடிந்ததும் மயக்கியவர் யார் என்று மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பின்விளைவுதான் அதன் கடிவாளம். இந்தப் பக்கத்து மந்திரக்காரர்களும், ஒருவர் செய்வினை வைத்தால் இன்னொருவர் வந்து வெட்டுவார் என்று நம்பினார்கள். விளையாட்டில் அதற்கு 'கவுன்டர்ஸ்பெல்' என்று பெயர். எதிராளி வாயெடுத்த உடனே 60 அடிக்குள் நின்று முறிக்க வேண்டும்.

மேசையின் தலைமாட்டில் உட்காரும் டஞ்சன் மாஸ்டரின் வேலையைக் கூத்தில் செய்பவர் அண்ணாவியார். ஆரம்பத்திலேயே ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் பார்த்துச் சட்டம் கொடுப்பார். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அன்றே முடிவாகிவிடும். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். எனக்கு மிகவும் பிடித்தது வரவு. கர்ணனானாலும் அவனுக்கு எதிரே வரும் சிறிய அரசனானாலும் களரிக்கு வரும்போது தனக்கென்று ஒரு தாளக்கட்டில் வரவு ஆடித்தான் உள்ளே வருவார்கள். அந்த வேளையில் பார்வையெல்லாம் அவன்மேல்தான். பலம் சமமில்லை, கவனம் சமம். 2008இல் வந்த நான்காம் பதிப்பு வேறுவழியில் போனது. வாள்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வார்த்த வல்லமைகளைக் கொடுத்தது. சண்டைகள் சமமாயின, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள், 2014இல் விட்டுவிட்டார்கள். இருவரையும் ஒரே அளவுக்கு வெட்டுவதைவிட, இருவருக்கும் ஒவ்வொரு வரவு கொடுப்பதே நல்லது என்பேன்.

தன்னைப்போலவே பனியால் ஓர் உருவம் செய்து, அதையும் மந்திரம் சொல்ல வைக்கும் 'சிமுலாக்ரம்' தெரியுமா? அதைச் செய்ய 12 மணி நேரம் வேண்டும், 1,500 பொன் பெறுமதியான மாணிக்கப்பொடியும் வேண்டும். ஆனால் 'விஷ்' மூலம் கேட்டால் நேரமும் வேண்டாம், பொடியும் வேண்டாம்! முதல் உருவம் 'விஷ்' சொல்லி இரண்டாவதைச் செய்யும், இரண்டாவது மூன்றாவதை. முடிவே இல்லாத மந்திரவாதிப் படை. இந்த ஓட்டையை 2024இல் ஒரே வாக்கியத்தில் அடைத்தார்கள்: உருவம் இந்த மந்திரத்தைச் சொல்ல முடியாது. இந்திரசித்தனுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு, அவன் நேரத்திலேயே சிக்கினான். நிகும்பலை வேள்வி முடிந்தால் அவனை யாரும் வெல்ல முடியாது. முடியுமுன் இலக்குவன் போய்க் குலைத்தான். நீண்ட நேரம் எடுக்கும் மந்திரத்தைச் சொல்பவரின் கவனம் கலைந்தால் மந்திரம் வீண் என்ற விதி, இன்றைய விதிப்புத்தகத்திலும் இருக்கிறது.

வாவிக்கரையில் யாராவது இப்படியொரு மேசை போடுவதானால் அவர்களுக்கு என் யோசனை இது. எரிகற்களை மூட்டைகட்டிவிட்டு ஒன்பதாம் நிலைக்கு அத்திரங்களை வையுங்கள். சக்தி ஆயுதம்: பகடையே வேண்டாம், தவறாது, கதை முழுவதற்கும் ஒரே தடவை. நாராயணாத்திரம்: ஆயுதத்தைக் கீழே போட்டவரைத் தொடாது, போடாதவருக்குச் சுற்றுக்குச் சுற்று சேதம் இரட்டிக்கும். பிரம்மசிரம்: ஏவுவது எளிது, மீட்க இருபது முகப் பகடையில் 18க்கு மேல் விழ வேண்டும், விழாவிட்டால் அது போய்ச் சேரும் இடத்தை டஞ்சன் மாஸ்டர் தீர்மானிப்பார். பாசுபதம்: தேடிப் பெறவே பத்து அமர்வுகள் ஆகட்டும், தன்னைவிடத் தாழ்ந்த படியில் நிற்பவன்மேல் எறிந்தால், எறிந்தவனோடு மேசையில் இருக்கும் அத்தனை பாத்திரங்களும் அந்தக் கணமே முடிந்தார்கள், அடுத்த கிழமை எல்லோரும் முதலாம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.